நூல் விட்ட கள்

சென்ற வாரம், பெல்ஜியத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி எனக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். தன் அறையின் சிறு சமையற்கட்டில் அவளே வடித்த பியர் அது. கோப்பையில் ஊற்றும்போது நீர்போல் சலசலத்து விழாமல் விளக்கெண்ணெய்போல் ஓசையின்றி இறங்கிற்று. கரண்டியை விட்டுத் தூக்கினால் மெல்லிய இழை ஒன்று தொங்கிற்று. மேலே நுரை கட்டவில்லை. பெரிய குமிழிகள் சில மந்தமாக எழுந்து உடைந்தன. “மொழியியல் படிப்பவளிடம் கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் உன் அப்பா கள் இறக்குபவர் ஆயிற்றே. இது என்ன கோளாறு? கொட்டிவிடட்டுமா?” என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு எழுதத் தொடங்கிய மறுமொழி நீண்டுவிட்டது. அவள் இசைவோடு அதை இங்கே சற்று விரித்துப் பதிகிறேன். ஏனெனில் அந்த இழையையும் அந்த மந்தமான நுரையையும் கடந்த மார்கழியில் என் வீட்டிலேயே பார்த்தேன். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை ஒன்பது நாள் கூலி.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட தென்னந்தோப்புகளின் நடுவே இருக்கிறது. கேரளத்தின் பிற மாவட்டங்களில் விற்கப்படும் கள்ளின் பெரும்பகுதி சித்தூர்த் தோப்புகளில் இறக்கப்பட்டு, அனுமதிச் சீட்டோடு வண்டியேறிச் செல்வது. எல்லைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அதே கள் 1987 முதல் தடை செய்யப்பட்ட பொருள். இப்பக்கத்திலும் அது கட்டற்ற தொழில் அன்று. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், கொச்சி அரசு இயற்றிய அப்காரிச் சட்டமே இன்றும் கேரளத்தின் மதுச் சட்டம். அதன்படி வீட்டில் பியரோ ஒயினோ வடிப்பது குற்றம்; கள்ளை உரிமம் பெற்ற கடைக்காக மட்டுமே இறக்கலாம். ஆகவே தோழியைப்போல் வடித்தது பிடிக்கவில்லையெனில் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கும் வசதி ஒரு மரமேறிக்கு இல்லை. ஷாப்பு ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் கூலி. திருப்பி அனுப்பினால் அன்றைய உழைப்பு மண்ணுக்கு.

ஆய்வேட்டின் ஓர் இயலை முடிப்பதற்காக நான் ஊரில் தங்கியிருந்தபோது அப்பாவின் கள் திரும்பிவரத் தொடங்கிற்று. முதல் நாள் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாள் ஷாப்புக்காரர் அப்பாவின் கண் முன்னாலேயே ஒரு குவளையை அள்ளி மெல்லச் சாய்த்துக் காட்டியிருக்கிறார். கள் இழையாக நீண்டு, அறுபட்டு, மீண்டும் நீண்டிருக்கிறது. “கஞ்ஞிவெள்ளம் சேர்த்திருக்கிறது” என்று அவர் மலையாளத்தில் சொன்னாராம். சோறு வடித்த கஞ்சியை ஊற்றி அளவைக் கூட்டியிருக்கிறாய் என்பது அதன் பொருள். அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அந்தத் தோப்புகளில் ஏறி இறங்கும் அப்பா அன்று மாலை வீட்டுக்கு வந்து இரண்டு வாக்கியங்களே பேசினார். “நான் ஒண்ணும் கலக்கல கண்ணு. ஆனா அது நல்லால்லைங்கிறதும் நெசந்தான்.”

அந்த இரண்டாம் வாக்கியந்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழி சுமத்தப்பட்ட நிலையிலும் அவர் கள்ளின் பக்கம் பொய் சொல்லவில்லை. குறை இருக்கிறது, ஆனால் குறைக்குக் காரணம் தான் அல்ல என்றார். இவ்விரண்டையும் ஒருசேர நிறுவுவது எளிதன்று. கலப்படக் கள் எங்கள் பகுதிக்குப் புதிய செய்தியுமன்று. மயக்க மருந்து கலந்த கள் பிடிபட்ட செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆகவே ஷாப்புக்காரரின் ஐயத்தை வெறும் வன்மம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த ஐயம் ஒரு கணம் எனக்கும் வந்துபோயிற்று.

திரும்பி வந்த கள்ளை அம்மா ஒரு கரண்டியில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஊசிப்போன சாம்பாராட்ட நூல் உடுது” என்றாள். உணவு கெட்டு இழுபடுவதை ‘நூல் விடுதல்’ என்பது தமிழ்ச் சமையலறை முழுவதற்கும் பொதுவான வழக்கு. பியர் வடிப்போர் ஆங்கிலத்தில் இதே குறையைக் கயிற்றின் பெயரால் ‘ரோப்பி’ என்பார்கள். என் களக்குறிப்பேட்டில் ‘நூல் விடு’ என்ற வினை உணவு கெடுதல் என்னும் தலைப்பின்கீழ் மட்டுமே இருந்தது. கள் தொழிலுக்குரிய சொற்களின் பட்டியலில் நான் அதைச் சேர்க்கவில்லை. அம்மாவோ கள்ளையும் சாம்பாரையும் ஒரே சொல்லால் இணைத்துவிட்டாள். கஞ்சி கலந்தால் கள் நீர்த்துப்போகும், கலங்கும். ஆனால் நூல் விடுமா? கெட்டுப்போன பொருளல்லவா நூல் விடும்? அந்த வினாவிலிருந்துதான் தொடங்கினேன்.

முதலில் கஞ்சிப் பழியைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பள்ளிக்கூட அறிவே போதும். மருந்துக்கடையில் அயோடின் வாங்கினேன். ஒரு கிண்ணத்தில் வீட்டுக் கஞ்சி, இன்னொன்றில் தண்ணீர், மூன்றாவதில் திரும்பி வந்த கள், நான்காவதில் அதே கள்ளோடு வேண்டுமென்றே நான் கலந்த ஒரு கரண்டிக் கஞ்சி. ஒவ்வொன்றிலும் இரு துளிகள் விட்டேன். கஞ்சி நீலக்கருப்பாயிற்று. கஞ்சி கலந்த கள்ளும் கருத்தது. திரும்பி வந்த கள் அயோடினின் மஞ்சட்பழுப்பு நிறத்திலேயே நின்றது. நூல் விட்டது மாவுப்பொருளால் அன்று என்பது உறுதியாயிற்று. மூன்றாம் நாள் இரவு எனக்கு வந்த ஐயமும் அந்தக் கிண்ணத்தோடு போயிற்று.

அப்படியானால் அது என்ன? நூலகத்தின் மின்னிதழ்களில் தேடியபோது இந்த வழவழப்புக்கு நீண்ட வரலாறு உண்டென்று தெரிந்தது. சர்க்கரைக் கரைசல்கள் கொழகொழவென்று மாறுவது நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1861-இலேயே லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டியிருக்கிறார். பியரின் நோய்களைப் பற்றி அவர் 1876-இல் தனி நூலே வெளியிட்டார். ஜெர்மனியில் பீட்ரூட் சர்க்கரை ஆலைகளின் குழாய்களை அடைத்த இதே கொழகொழப்பைத் தொழிலாளர்கள் தவளைமுட்டை என்று அழைத்தார்கள். 1878-இல் வான் டீகெம் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை உண்டாக்கும் பாக்டீரியத்துக்கு லியூகோனாஸ்டாக் என்று பெயரிட்டார். அது சுக்ரோஸ் என்னும் சர்க்கரையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியான குளுக்கோஸை மணிபோல் கோத்துக்கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற நீண்ட சங்கிலியாக்கி வெளியே விடுகிறது. அச்சங்கிலிகளே நீரைப் பிடித்துக்கொண்டு திரவத்தை நூல் விடச் செய்கின்றன.

புதிதாய் இறங்கிய தென்னஞ்சாற்றில் சுக்ரோஸ் ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு உண்டு. முட்டியில் சாறு சொட்டத் தொடங்கிய கணமே அந்தச் சர்க்கரைக்காகப் பந்தயம் தொடங்கிவிடுகிறது. ஈஸ்ட் முந்தினால் அது சுக்ரோஸை விரைவாக உடைத்துத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் ஆக்கும். டெக்ஸ்ட்ரான் கோக்கச் சுக்ரோஸ் மிஞ்சாது. பாக்டீரியம் முந்தினால் கள் வழவழக்கும். ஈஸ்டுக்கு வெப்பம் வேண்டும். லியூகோனாஸ்டாக் இதமான குளிரிலும் சுறுசுறுப்பாக இருக்கும். இங்கேதான் எங்கள் நிலவியல் உள்ளே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியே இரவெல்லாம் வீசும். மரத்தின் உச்சியில் தொங்கும் முட்டிக்கு அந்தக் காற்று நேரே படும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காத்து வருசா வருசம் அடிக்குது. கள்ளு இந்த வருசம்தான் கெட்டுது” என்றார். எந்த ஆய்வுக்கூட்டத்திலும் இதைவிடச் செறிவான மறுப்பை நான் கேட்டதில்லை. குளிர் துணைக்காரணமாக இருக்கலாம். இவ்வாண்டு மட்டும் மாறியது எது என்பதே கேள்வி.

ஆகவே எங்கே கெடத் தொடங்குகிறது என்று தேட முடிவு செய்தோம். அப்பா அப்போது ஒன்பது மரங்கள் ஏறிக்கொண்டிருந்தார். கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்த பத்துக் கண்ணாடிப் புட்டிகளோடு ஐந்தாம் நாள் காலை தோப்புக்குச் சென்றேன். ஒவ்வொரு மரத்திலிருந்தும் முட்டி இறங்கியவுடன் ஒரு புட்டியில் சிறிது கள். எல்லாம் ஊற்றிச் சேர்க்கும் கேனிலிருந்து பத்தாம் புட்டியில் சிறிது. மலையாளத்தில் ‘கன்னாஸ்’ என்று வழங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் அது. வாயைத் துணியால் கட்டித் தோப்புக் கொட்டகையின் நிழலில் வரிசையாக வைத்தோம்.

நண்பகலில் எட்டுப் புட்டிகளில் நுரை பாலாடைபோல் நுண்ணியதாக, வெண்மையாக எழுந்து நின்றது. மணமும் புளிப்பும் சரியாக இருந்தன. கேனிலிருந்து எடுத்த பத்தாம் புட்டி மூன்று விரற்கடை நீளத்துக்கு நூல் விட்டது. எதிர்பாராத செய்தி ஒன்றும் இருந்தது: ஒரு மரத்தின் புட்டியும் இலேசாக இழுபட்டது. எந்த மரம் என்று பார்த்தபோது, மண்முட்டி உடைந்துபோனதால் அப்பா பழைய பிளாஸ்டிக் குடுவை ஒன்றைக் கட்டியிருந்த மரம் அது. கேனைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தோம். உட்சுவரெங்கும் தேங்காய் நாரால் தேய்த்த கீறல்கள். விரலை விட்டால் அடிப்பகுதி வழுக்கிற்று. கார்த்திகையில் ஷாப்பிலிருந்து மாற்றித் தந்த கேன் அது. புதியதன்று, வேறெங்கோ புழங்கியது. அவ்வாண்டு மாறியது அதுதான்.

மண்முட்டியின் நுண்துளைகளிலும் நுண்ணுயிர்கள் தங்கும். ஆனால் அங்கே பல ஆண்டுகளாகக் குடியிருப்பவற்றுள் ஈஸ்டும் உண்டு. அப்பா அவற்றை வெந்நீரால் அலசி வெயிலில் கவிழ்ப்பார். கேனுக்கு வெந்நீர் ஆகாது, நெளிந்துவிடும். ஆகவே தண்ணீரும் சோப்புந்தான். கள் திரும்பிவரத் தொடங்கியதும் அம்மா பதறிப்போய் இரட்டிப்புச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அவள் தேய்க்கத் தேய்க்கக் கீறல்கள் பெருகின. கீறலுக்குள் ஒட்டிய வழவழப்புக்குள் சோப்பு நுழையவில்லை. அலசியும் போகாத சோப்பு மறுநாள் கள்ளின் நுரையைக் கொன்றது.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் கையில் இருந்தது ஒரு குறையன்று, இரண்டு என்பது விளங்கிற்று. நுரை என்பது வாயுவைச் சுற்றிப் புரதங்கள் கட்டும் மெல்லிய தோல். கள்ளுக்கும் பியருக்கும் அது பொது. பியரில் பார்லிப் புரதத்தோடு ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து அத்தோலை உறுதியாக்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் அத்தோலைக் கிழிப்பவை. வழவழப்போ வேறு வகையில் நுரையைக் கெடுக்கிறது: கெட்டியான திரவத்துள் வாயு எளிதில் மேலெழாது, சிறைப்பட்டுப் பருத்த குமிழிகளாக மெல்ல வரும். இரண்டும் சேர்ந்ததைப் பார்ப்பவருக்கு ஒரே நோய்போல் தோன்றும். ஒரே காரணத்தைத் தேடினால் ‘கலந்துவிட்டான்’ என்பதே மிக எளிதாகக் கைக்குக் கிட்டும்.

நோய்க்கு மருந்து எனக்கு மற்றொரு களத்திலிருந்து கிடைத்தது. எல்லைப்புறத் தமிழ் பற்றிய என் ஆய்வுக்குச் சித்தூர் ஒரு களம் என்றால், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டம் இன்னொன்று. மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பை லயம் என்பார்கள். அங்கே ஒரு தையில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா, இட்லி மாவு புளிக்காத குளிரைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினார். பானையைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பார். முந்தைய மாவில் ஒரு கரண்டியை எடுத்துவைத்துப் புதிய மாவில் சேர்ப்பார். தயிருக்கு ஊற்றுவதைப்போல் அதையும் அவர் ‘உறை’ என்றே சொன்னார். குளிருக்கு இரண்டே வழி, சூடு காட்டு அல்லது உறை ஊற்று என்பது அவர் கணக்கு. அச்சொல்லைக் குறித்துக்கொண்டேனே தவிர அச்செயலை நான் அப்போது யோசிக்கவில்லை.

பின்னர் படித்தபோது வியப்பாக இருந்தது. இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையான பாக்டீரியம் எது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெய்ன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1965-இல் கண்டு எழுதினார்கள். அது லியூகோனாஸ்டாக். எங்கள் கேனைப் பாழாக்கியதும் மூணாற்று அக்கா கம்பளி போர்த்திக் காத்ததும் ஒரே இனத்து உயிர். மாவில் சுக்ரோஸ் குறைவாதலால் அது பெரிதும் புளிப்பும் காற்றுமே தருகிறது. அக்காற்றைப் பிடித்துவைக்கும் கொழகொழப்பை உளுந்தே கொடுக்கிறது. மெக்சிகோவில் கற்றாழைச் சாற்றிலிருந்து வரும் புல்கே என்னும் பானத்தில் இதே டெக்ஸ்ட்ரான் வழவழப்பு இயல்பான குணம். சுவீடனில் 1940-களில் இதே டெக்ஸ்ட்ரானைத் தூய்மையாக்கிக் குருதி இழந்தவர்களுக்கு நரம்பின்வழி ஏற்றும் திரவம் செய்தார்கள்.

அக்காவின் உறையை அப்பாவிடம் சொன்னதும் அவர் சிரித்தார். சிறுவயதில் அவருடைய அப்பா முட்டியைத் துடைத்துவைக்க விடமாட்டாராம். அடியில் ஒரு விரல் மண்டியை விட்டே மரத்தில் கட்டுவாராம். “அளுக்குன்னு நெனச்சு நான்தான் அதை உட்டுட்டேன்” என்றார். நல்ல கள்ளின் மண்டியில் பெரும்பகுதி ஈஸ்ட். அதுவே பந்தயத்தில் ஈஸ்டை முன்னே நிறுத்திவிடும்.

ஏழாம் நாள் கேனை ஒதுக்கிவிட்டு வீட்டிலிருந்த இரண்டு எவர்சில்வர் குடங்களைக் கொதிநீரில் அலசி எடுத்துச் சென்றோம். ஒன்றில் நல்ல புட்டிகளிலிருந்து சேர்த்த மண்டி, மற்றொன்று வெறுங்குடம். பிளாஸ்டிக் குடுவை கட்டிய மரத்துக்குப் புதிய மண்முட்டி. அன்று நண்பகலில் இரண்டு குடங்களும் நூல் விடவில்லை. மண்டி இட்ட குடத்தில் நுரை முன்னதாகவே எழுந்து, சீராக நின்றது. மறுநாளும் அதுவே. குடத்தில் வந்த கள்ளைச் சுவைக்கவும் ஷாப்புக்காரர் அவ்விரு நாளும் மறுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் சுவைத்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது, ஆனாலும் குடத்தில் வருவதை எடுக்க முடியாது என்றார். பத்தாம் நாள் புதுக் கேன் ஒன்று வந்தது, கள்ளும் ஏறிற்று. கஞ்சிவெள்ளத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கூலி வரவேயில்லை.

அயோடின் கிண்ணங்களின் படங்களையும் பத்துப் புட்டிகளின் குறிப்புகளையும் இரண்டு பக்கங்களில் எழுதி ஷாப்புக்குக் கொண்டுபோவதாகச் சொன்னேன். அப்பா வேண்டாமென்றார். “கேனு கெட்டுப்போச்சுன்னு சொல்லு, போதும். ஆள் கெட்டுப்போயிட்டான்னு அவன் சொன்னதை அவனே மறக்கட்டும்.” நாளை மறுபடியும் அதே வாசலில் கேனை இறக்கி வைக்க வேண்டியவர் அவர். என் நியாயத்துக்கு அவர் தரவேண்டிய விலை என்னவென்று எனக்குத் தெரிந்ததனால் அந்தத் தாள்களை மடித்துவைத்துவிட்டேன். அதில் எனக்கு இன்றும் முழு அமைதி இல்லை. ஆனால் அவர் குடிக்க வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. கேனுக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் எங்கள் தோப்புப் பக்கத்தில் இப்போது வேறு சிலருக்கும் வந்திருக்கிறது.

மொழி பயில்வோருக்காக ஒரு செய்தி. பழந்தமிழில் கள்ளுக்குரிய பெயர்களுள் தேறல் ஒன்று. தேறுதல் என்பது தெளிதல். எங்கள் பக்கத்துக் கொங்குத் தமிழில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் இனிய பதநீருக்குத் தெளுவு என்றே பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கள்ளைச் செய்யும் முறையையே கூறுகிறது: அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்துச் சேர்த்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, அரித்தெடுப்பது. முளைத்த தானியத்தைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்கும் இம்முறை பியரின் முறையே. களியை ஆற்றிய பின்னரே முளையைச் சேர்ப்பதும், நாளை எண்ணி நிறுத்துவதும், அரித்துத் தெளியவைப்பதும் வடிப்போர் பட்டறிவால் கண்டவை. தெளிவைப் பெயராக்கிய மொழியில் தெளியாமைக்கும் ஒரு சொல் புழக்கத்தில் இருந்தது. அது சமையலறையில் இருந்ததால் என் பட்டியலில் விழவில்லை. இப்போது கள் தொழிற்சொற்களின் கீழ் ‘நூல் விடு’ என்பதையும் ‘உறை’ என்பதையும் சேர்த்திருக்கிறேன். முதற்சொல்லுக்குத் தகவலாளி என் அம்மா.

தோழிக்கு நான் சொன்ன அறிவுரை சுருக்கமானது. உன் பியரில் சுக்ரோஸ் அதிகமில்லை, ஆகவே அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பெடியோகாக்கஸ் என்னும் வேறொரு பாக்டீரியமாக இருக்கும். அதுவும் குளுக்கோஸைக் கோத்து இழையாக்குவது. உன் நாட்டிலேயே லாம்பிக் என்னும் பியரை மரப்பீப்பாயில் வடிப்போர், இடையில் சில மாதங்கள் அது நூல் விடுவதைப் பழகியவர்கள். பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் மெல்ல அவ்விழைகளை அறுத்துத் தெளியவைக்கும்வரை காத்திருப்பார்கள். உன் அறையில் அந்தப் பொறுமைக்கு இடமில்லையெனில் கொட்டிவிடு. ஆனால் கொட்டும் முன் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு குவளை எடுத்துவை: காய்ச்சிய பாத்திரம், புளிக்கவைத்த வாளி, இறக்கிய குழாய், அடைத்த புட்டி. எதில் நூல் தொடங்குகிறதோ அதை மட்டும் மாற்று. பிளாஸ்டிக் குழாயைக் கழுவிப் பார்க்காதே, எறிந்துவிடு. நுரைக்குக் கோப்பையைத் தனியாகச் சோதி. சோப்பு போக வெந்நீரில் அலசிய கோப்பையில் நுரை நின்றால் அது பியரின் குறையே அன்று.

நேற்று அவளிடமிருந்து மறுமொழி வந்தது. குழாய்தானாம்.